‘நம்பிக்கை இல்லையோ தம்பி?’: பாவித்த கமரா வாங்குவது பற்றிச் சில கோபங்கள்

நெல்லியடிச் சந்தையில் மீன் வாங்குகிற எந்த அம்மாவும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு குடுக்க மாட்டா. கண் மங்கிக் கிடக்கா, செவுள் சிவப்பா இருக்கா, விரலால அமத்தினா பள்ளம் விழுதா எண்டு பார்த்த பிறகுதான் விலை கேட்பா. மீன் விக்கிறவர் அதுக்காக ஒருநாளும் முகம் கோணினது கிடையாது. ஆயிரம் ரூபா மீனுக்கு இவ்வளவு சோதனை. ஆனால் ஒன்றரை லட்சமோ ரண்டு லட்சமோ குடுத்துப் பாவித்த கமரா வாங்கப் போகிற பெடியன், விக்கிறவர் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்து, முற்றத்துச் செவ்வரத்தையை ரண்டு படம் எடுத்துப் பார்த்து, ‘நல்லாத்தான் அண்ணை கிடக்கு’ என்று சொல்லிக் காசை எண்ணிக் குடுத்துவிட்டு வருகிறான். லென்ஸை ஒருக்காக் கழற்றிப் பார்க்கவா என்று கேட்கவே அவனுக்குக் கூச்சம். கேட்டால் என்ன பதில் வருமென்று அவனுக்குத் தெரியும்: ‘என்ன தம்பி, நம்பிக்கை இல்லையோ?’

இந்தக் கேள்வி ஒரு ஏமாத்து. விக்கிறவர் வேணுமென்று ஏமாத்துகிறார் என்று நான் சொல்லவில்லை. பல பேர் நேர்மையாகத்தான் விக்கினம். ஆனால் லென்ஸுக்குள் பங்கஸ் பிடித்திருப்பது விக்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். மூன்று வருசமாக அலுமாரிக்குள் கிடந்த சாமானுக்குள் என்ன நடந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருடைய நேர்மைக்கும் அந்தக் கண்ணாடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரண்டையும் ஒன்றாக்கி, சோதிக்கிறவனை மரியாதை தெரியாதவனாக்குகிற இந்தப் பழக்கத்தால் நட்டப்படுவது எப்போதும் வாங்குகிற பக்கம்தான். அதுவும் எங்கடை வயதுப் பெடியள், பெட்டையள்.

சட்டமும் பெரிசாகக் கைகுடுக்காது. பொருள் விற்பனை பற்றிய எங்கள் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டுக்குரியது, ஆங்கிலேயச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. ‘வாங்குகிறவரே கவனமாக இருந்துகொள்ளட்டும்’ என்பதுதான் அதன் அடிப்படை. கடை வைத்து வியாபாரம் செய்கிறவருக்காவது சில பொறுப்புகளை அது வைக்கிறது. பேஸ்புக்கில் படம் போட்டுத் தன் பழைய கமராவை விக்கிற ஒரு தனி ஆளிடம் வாங்கிவிட்டுப் பிறகு போய் ‘இது பழுது’ என்று நின்றால், கையில் ஒன்றும் மிஞ்சாது. அப்ப வாங்க முதல் பார்க்கிற அந்த அரை மணித்தியாலம்தான் உங்களுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு. அதையும் மரியாதைக்காக விட்டுக்குடுக்கச் சொன்னால் எப்படி?

‘இந்தக் கரைச்சல் எல்லாம் எதுக்கு, புதுசா வாங்கலாமே’ என்று சொல்லுகிற ஆக்கள் ஒரு பக்கம். ஆர் வாங்குவது? 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதம் 360. ஆயிரம் டொலர்க் கமரா ரண்டு லட்சத்திலிருந்து மூன்று லட்சத்து அறுபதாயிரமாக ஏற ரண்டரை மாதம் போதுமாக இருந்தது, அதுவும் வரி சேர்க்க முதல். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். பிறகு ரூபா கொஞ்சம் மீண்டதுதான், ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. உயர்தரம் முடித்துவிட்டு, கலியாண வீட்டுக்கு லைட் பிடிக்கப் போகிற ஒரு பெடியனுக்குப் புதுக் கமரா என்பது அம்மாவின் சங்கிலியை அடைவு வைப்பது, அல்லது வட்டிக்கு எடுத்து மாதாமாதம் கட்டுவது. இதைச் செய்யாமல் தொழிலுக்கு வர இருக்கிற ஒரே வழி பாவித்த சாமான். ஆகவே பாவித்த கமராவை எப்படி வாங்குவது என்ற அறிவு, எங்கள் ஊரில் ஆர் படம் எடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிற அறிவு. வசதியுள்ளவைக்கு இது பொழுதுபோக்கு. மற்றவைக்கு வாசல்.

அந்த வாசலில் ஆர் நிக்கினம் என்று பார்த்தால், எங்கடை ஸ்ரூடியோ அண்ணைமார். எல்லாரையும் சொல்லவில்லை, நல்லா சொல்லித் தருகிற ஆக்களும் இருக்கினம். ஆனால் கனபேர் நாலு வருசம் பின்னால பை தூக்க வைப்பினம். லென்ஸை வெளிச்சத்துக்குப் பிடித்து என்ன பார்க்கிறியள் என்று கேட்டால் ‘அது போகப் போக விளங்கும்’ என்று சொல்லுவினம். பிறகு தாங்கள் புதுக் கமரா வாங்கும்போது பழையதை அதே பெடியனுக்கு ‘உனக்கெண்டபடியா இந்த விலை’ என்று தள்ளி விடுவினம். இதைத் தொழில் ரகசியம் என்று சொல்லுகிறார்கள். பத்து நிமிசத்தில் சொல்லிக் குடுக்கக்கூடிய விசயத்தில் என்ன ரகசியம்? அந்தப் பத்து நிமிசத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பங்கஸ், ஏனென்றால் எங்கள் மண்ணில் லென்ஸைக் கொல்லுவது அதுதான். மூன்று பக்கமும் கடல், நடுவில் தொண்டைமானாற்று நீரேரி, ஐப்பசி கார்த்திகையில் விடாத மழை. சுவரே வியர்க்கிற காலம் அது. இந்த ஈரம் லென்ஸுக்குள் போய்க் கண்ணாடியின் மேல் பூசியிருக்கிற மெல்லிய பூச்சில் பூஞ்சணமாக வளரும். இருட்டும் ஈரமும் காற்றோட்டமின்மையும் அதுக்கு நல்ல சாப்பாடு. கமராப் பை இந்த மூன்றையும் தருகிறது. லென்ஸைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பஞ்சு வைத்த பைக்குள் போட்டு, பையை அலுமாரிக்குள் போட்டு, அலுமாரியைப் பூட்டி வைக்கிற ஆக்கள்தான் அதை வளர்க்கினம். அதே அலுமாரியில் பட்டுச் சேலைக்குப் போட்ட பூச்சி உருண்டை வேறு கிடக்கும். அந்த உருண்டைக்குப் பக்கத்தில் கமராவை வைக்கவேண்டாம் என்று நிக்கோன் தன் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆர் கையேடு வாசிக்கிறது?

பார்க்கிற முறை லேசு. லென்ஸைக் கமராவிலிருந்து கழற்றுங்கோ. ரண்டு பக்க மூடியையும் எடுங்கோ. கைத்தொலைபேசியின் ரோச்சைப் போட்டு, ஒரு பக்கத்தால் சரிவாக வெளிச்சம் அடித்து, மற்றப் பக்கத்தால் பாருங்கோ. நேராக அடித்தால் கண் கூசும், ஒன்றும் தெரியாது. துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்துப் பார்க்கவேண்டும். சிலந்தி நூல் மாதிரியோ மரவேர் மாதிரியோ கிளை விட்டுக் கிடந்தால் அது பங்கஸ். கண்ணாடி முழுக்க மூச்சு விட்ட மாதிரி மங்கலாகக் கிடந்தால் அது வேறு வருத்தம், உள்ளே எண்ணெய் ஆவியாகிப் படிந்தது. நாலைந்து தூசு இருந்தால் பயப்படாதேங்கோ. புது லென்ஸுக்குள்ளும் தூசு போகும், படத்தில் அது தெரியாது. முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல்கூடப் பெரிய விசயமில்லை. பின் கண்ணாடியில் கீறல் என்றால் வேண்டாம் என்று எழும்பி வாங்கோ.

‘கொஞ்சப் பங்கஸ்தான், படத்திலை விழாது’ என்று சொல்லுவினம். பாதி உண்மை. ஓரத்தில் சின்னதாக இருந்தால் சாதாரணப் படத்தில் தெரியாமலே போகலாம். ஆனால் மணவறைக்குப் பின்னால் லைட் போட்டிருக்கிற ஒரு கலியாண வீட்டில், வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கிற படத்தில், கறுப்பு சாம்பலாகும். ஆரம்பத்திலேயே கழற்றிக் கழுவினால் போகும். பூச்சைத் தின்றுவிட்டால் கழுவினாலும் அடையாளம் போகாது. கழுவத் தெரிந்த கையைத் தேடிக் கொழும்புக்கு அனுப்புகிற செலவையும் சேர்த்துத்தான் அந்த லென்ஸின் விலை. அதைக் கழித்துவிட்டுப் பேசுங்கோ, இல்லாவிட்டால் பேசாமல் வாங்கோ.

வாங்கின பிறகு? காத்துப் போகாத பிளாஸ்ரிக் பெட்டி, அதுக்குள் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஈரம் 40 முதல் 50 வீதத்துக்குள் நின்றால் போதும். அதுக்குக் கீழே காயவிட்டால் உள்ளே இருக்கிற எண்ணெய்க்கும் ரப்பருக்கும் கூடாது. அரிசிப் பானைக்குள் கமராவைத் தாட்டு வைக்கிற வைத்தியத்தைத் தயவுசெய்து விடுங்கோ. அரிசி பெரிசாக ஈரத்தை இழுக்காது, அதன் தூள்தான் எல்லா இடுக்குக்குள்ளும் போகும். சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம். ஆனால் நீல நிறத்திலிருந்து ரோசாவாக மாறுகிற அந்த வகையில் நஞ்சுள்ள ஒரு கோபால்ட் உப்பு இருக்கிறது. அம்மாவின் தாச்சியில் போட்டு வறுக்கவேண்டாம்.

அடுத்தது சட்டர் கவுண்ட். இதைப் பற்றிக் கதைக்காத பெடியன் இல்லை, ஆனால் விளங்கிக் கதைக்கிறவன் குறைவு. மோட்டார்சைக்கிள் வாங்கப் போய் மீற்றரை மட்டும் பார்த்துவிட்டு வருவது மாதிரித்தான் இது. நிக்கோன் டி90க்கு ஒரு லட்சம் தடவை, கனன் 5டி மார்க் 2க்கு, 7டிக்கு, நிக்கோன் டி7000க்கு ஒன்றரை லட்சம் தடவை என்று கொம்பனி சொல்லுகிற எண்ணிக்கை இருக்கிறது. அது அந்தளவுக்குச் சோதித்தோம் என்கிற கணக்கு, அந்தளவில் செத்துப்போகும் என்கிற தீர்ப்பு இல்லை. ரண்டு மடங்கு ஓடுகிற கமராவும் இருக்கு, பாதியில் நின்றதும் இருக்கு. ஒரு கலியாணத்துக்கு 3000 படம் என்று வைத்தால் 50 கலியாணத்தில் 150,000 முடிந்துவிடும். எங்கடை கலியாணச் சீசனில் நாலு ஸ்ரூடியோவுக்கு ஓடுகிற ஆளுக்கு அது ரண்டு வருசம். அப்ப ‘லைற்றாத்தான் பாவிச்சது’ என்று சொல்லுகிறவரிடம் என்ன தொழில் செய்கிறார் என்று கேளுங்கோ.

நிக்கோனில் இந்த எண் ஒவ்வொரு படத்தின் தரவுக்குள்ளும் எழுதப்பட்டிருக்கும். கமராவிலிருந்து நேரே எடுத்த படம் வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பின படத்தில் அந்தத் தரவு அழிந்துபோகும், கோப்பாக அனுப்பச் சொல்லவேண்டும். கனனின் பெரும்பாலான மாதிரிகளில் படத்துக்குள் எண் கிடையாது. வயரால் கணினியில் பூட்டி மென்பொருளால்தான் எடுக்கவேண்டும். ஆகவே மடிக்கணினியும் வயரும் கொண்டு போங்கோ. ‘ஐயோ, என்னட்டை வயர் இல்லையே’ என்று சொல்லுகிற ஆக்களுக்கு முன்னால் உங்கடை வயரை எடுத்து வைக்கிற சந்தோசம் தனி.

ஆனால் இந்த எண் சொல்லாத விசயம்தான் கூட. இண்டைக்கு எங்கடை பக்கத்தில் கன கமராக்கள் வீடியோவுக்குத்தான் ஓடுகின்றன. ஐந்து மணித்தியாலம் வீடியோ எடுத்தாலும் அந்த எண் பெரிசாக ஏறாது, சென்சர்தான் கொதிக்கும். சட்டர் கவுண்ட் 8000 என்று பெருமையாகக் காட்டுகிற கமரா நூறு சாமத்திய வீடு பார்த்ததாக இருக்கலாம். இன்னொன்று, டீஜே லைட். மண்டபத்தில் சுத்துகிற லேசர் கதிர் ஒன்று நேரே லென்ஸுக்குள் விழுந்தால் சென்சரில் அந்த இடம் எரிந்துவிடும். பச்சைக் கோடோ வெள்ளைப் புள்ளியோ நிரந்தரமாக நிற்கும். அதுக்கு வைத்தியம் சென்சரை மாத்துவது மட்டும்தான், அந்தக் காசுக்கு வேறு கமரா வாங்கலாம். ஆகவே மூடியைப் போட்டபடி 30 செக்கன் ஒரு படம் எடுத்துப் பெரிசாக்கிப் பாருங்கோ. எஃப் 16இல் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுங்கோ. தூசு என்றால் கறுப்புப் பொட்டாகத் தெரியும், அது துடைத்தால் போகும். பிறகு ஆகக் கூடின சட்டர் வேகத்தில் ஒரு படம். ஒரு பக்கம் இருட்டாக வந்தால் சட்டர் களைத்துப் போச்சு என்று அர்த்தம்.

கடல் பார்த்த கமராவையும் கண்டுபிடிக்கலாம். வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குக் கமராவோடு ஓடாத படப்பிடிப்பாளர் வடமராட்சியில் உண்டோ? பற்றரி போடுகிற குழிக்குள் பாருங்கோ, தகட்டில் பச்சை அல்லது துரு. ஃப்ளாஷ் பூட்டுகிற இடத்தில் துரு. லென்ஸின் வளையத்தைச் சுத்தும்போது கறகற என்று மணல் சத்தம். அடியில் இருக்கிற ஆணிகளின் தலை தேய்ந்திருந்தால் ஆரோ கழற்றியிருக்கினம். ஏன் கழற்றினது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஃப்ளாஷ் ஒன்றைக் கொண்டுபோய்ப் பூட்டி அடித்துப் பாருங்கோ. இதைச் செய்யாமல் வாங்கி முதல் கலியாணத்தில் மணவறைக்கு முன்னால் நின்று முழித்தவை இருக்கினம். பற்றரியின் வயதைக் கமராவே சொல்லும். நிக்கோனின் பல மாதிரிகளில் 0 என்றால் புதுசு, 4 என்றால் கிழவன். கனனில் மூன்று பச்சைக் கட்டம்.

வெளிநாட்டிலிருந்து வந்த கமரா என்றால் எங்கடை சனத்துக்கு ஒரு மயக்கம். ‘சித்தப்பா கொண்டு வந்தது, ஒறிஜினல்’ என்பார்கள். எந்த நாட்டுச் சந்தைக்குச் செய்தது என்று கேளுங்கோ. யப்பானுக்குள் விக்கிறதுக்கென்று செய்த சோனி கமராக்களில் மெனு யப்பான் மொழியில் மட்டும் இருக்கும், மாத்த வழி வைக்கவில்லை. விலை குறைவாக வருகிற சோனிகளில் இதுவும் ஒன்றா என்று முதலில் மெனுவைத் திறந்து பாருங்கோ. ஐரோப்பாவில் வீடியோக் கமராவுக்குத் தனி வரி இருந்தபடியால் பழைய கமராக்கள் பல 29 நிமிசம் 59 செக்கனில் வீடியோவைத் தானாக நிப்பாட்டும். தாலி கட்டுகிற நேரத்தில் நின்றால் ஆர் பதில் சொல்லுறது?

மாதிரியைப் பற்றிக் கொஞ்சம் வாசித்துவிட்டுப் போவதும் காசுதான். நிக்கோன் டி600 இதுக்கு நல்ல உதாரணம். 2012 செப்ரெம்பரில் வந்தது. சென்சரில் எண்ணெயும் தூசும் தெறிக்கிறது என்று உலகம் முழுக்க முறைப்பாடு. அடுத்த வருசமே டி610 என்று ஒன்றை இறக்கினார்கள். 2014 பெப்ரவரியில்தான், உத்தரவாதக் காலம் முடிந்தவைக்கும் இலவசமாகப் பார்த்துச் சட்டரை மாத்தித் தருகிறோம் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதம் சீன அரச தொலைக்காட்சி இதை நாறடித்தது. இந்தக் கதை தெரியாதவன் ‘டி600 கூடாது’ என்று ஓடுவான், அல்லது ஒன்றும் தெரியாமல் பழுதானதை வாங்குவான். தெரிந்தவன் சட்டர் மாத்தின கடதாசியைக் கேட்டு, பேரால் கெட்டுப்போன நல்ல கமராவைக் குறைந்த விலைக்கு வாங்குவான். டி750க்கும் இப்படி ஒரு கதை. 2015 தொடக்கம் சட்டரில் பிழை என்று சில தொடர் இலக்கங்களைத் திரும்ப அழைத்தார்கள், பிறகும் ரண்டு தடவை அந்தப் பட்டியலை நீட்டினார்கள். வாங்கப் போகிற கமராவின் இலக்கம் அதுக்குள் இருக்கா, திருத்தினதா என்று பார்க்க ஐந்து நிமிசம் போதும்.

லென்ஸ் பொருந்துமா என்பதிலும் காசு போகிறது. நிக்கோனின் டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள் குவியத்தை ஓட்டுகிற மோட்டார் கிடையாது. அதில் பழைய ஏஎஃப்-டி வகை 50 மில்லிமீற்றர் லென்ஸைப் பூட்டினால் கையால்தான் சுத்தவேண்டும். விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு ‘லென்ஸ் பழுது’ என்று திரும்ப விக்கிறவையும் இருக்கினம், அதை அந்த விலைக்கு வாங்கிச் சிரிக்கிறவையும் இருக்கினம். கனனின் ஈஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் பிரேம் உடலில் பூட்டாது. அதேநேரம் கனன் 1987இல் தொடங்கின ஈஎஃப் லென்ஸ்கள் இண்டைக்கும் ஒரு இணைப்பான் போட்டால் புது மிரர்லெஸ் கமராவில் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே காசு கொஞ்சம்தான் என்றால் உடலில் குறையுங்கோ, லென்ஸில் போடுங்கோ. உடல் நாலு வருசத்தில் பழசாகும். நல்ல லென்ஸ் உங்களோடு கனகாலம் வரும், ஈரத்திலிருந்து காப்பாத்தினால்.

இதை ஏன் ஒருத்தரும் கேட்பதில்லை என்றால் ஃபுல் பிரேம் பைத்தியம். யூரியூப்பில் கமரா விமர்சனம் செய்கிற ஆக்களுக்குப் புதுசு புதுசாக விக்கவேண்டிய தேவை இருக்கு, அவை அப்படித்தான் கதைப்பினம். எங்களுக்கு என்ன வந்தது? 2008இல் வந்த கனன் 5டி மார்க் 2ஐ இண்டைக்கு எடுத்தால் ‘அது பழசு மச்சான்’ என்று சிரிக்கினம். 2010இல் ‘ஹவுஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பருவத்தின் கடைசிப் பாகத்தை முழுக்க அந்தக் கமராவில்தான் எடுத்தார்கள். அதுக்குப் போதுமாக இருந்தது சாமத்திய வீட்டுக்குப் போதாதாம். உலகம் மிரர்லெஸ்ஸுக்கு ஓடுகிறபடியால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் அடிமாட்டு விலைக்கு வருகின்றன. வாங்க வசதியில்லாதவனுக்கு இதைவிட நல்ல காலம் வந்ததில்லை. ஆனால் கலியாண வீட்டுக்காரர் ‘என்ன கமரா தம்பி பாவிக்கிறனீர்?’ என்று கேட்கினம் என்பதற்காகக் கடன்படுகிறான். எடுத்த படத்தைக் காட்டு என்று கேட்கிற வீட்டுக்காரர் எத்தனை பேர்?

விலையில் இன்னொரு நோய் இருக்கு. ‘நான் வாங்கினது மூன்றரை லட்சம், அதிலை ஐம்பதைக் குறைச்சுத் தாறன்.’ டொலர் 360இல் நின்ற நேரம் அவர் வாங்கினார் என்றால் அது அவருடைய காலக் கொடுமை, எனக்கும் அனுதாபம்தான். ஆனால் அவர் பட்ட நட்டத்தை நான் ஏன் கட்டவேண்டும்? விளம்பரத்தில் கேட்கிற விலையையும் நம்பவேண்டாம். நாலு மாதமாக இக்மனில் அதே படத்தோடு கிடக்கிறது என்றால் அந்த விலைக்கு ஒருத்தரும் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம். வித்து முடிந்தவை என்ன விலைக்குப் போனது என்று கேட்டு அறியுங்கோ. அதிலிருந்து பற்றரி, சார்ஜர், பங்கஸ் கழுவுகிற செலவு எல்லாவற்றையும் கழியுங்கோ. மிச்சம்தான் விலை.

ஒன்றை மட்டும் செய்யாதேங்கோ. எங்கள் ஊரில் நல்ல கமராக்கள் வருகிற பெரிய வழி, விசா கிடைத்து வெளிக்கிடுகிற பெடியள். அடுத்த கிழமை பிளைட், இண்டைக்கே விக்கவேணும். அவனுடைய அந்தரத்தைப் பிடித்துப் பாதி விலைக்கு அமுக்குகிறவன், நான் மேலே திட்டின அண்ணைமாரின் சீடன்தான். சோதியுங்கோ, குறையைக் காட்டுங்கோ, நியாயமான விலையைக் குடுங்கோ.

பெட்டையளுக்கு இதில் இன்னொரு தடை. எங்கடை வட்டத்தில் ஒருத்தி லென்ஸ் வாங்கப் போனபோது, கேள்வி கேட்டது அவள், பதில் போனது கூடப் போன தம்பிக்கு. அவனுக்குக் கமராவில் எந்தப் பக்கம் முன் என்றே தெரியாது. அவள் ரோச்சை எடுத்தவுடன் ‘பிள்ளை, விழுத்திப் போடாதேங்கோ’ என்றாராம். அவள் பங்கஸைக் காட்டின பிறகு விலை தானாக இறங்கினது. வாங்காமல் வந்துவிட்டாள், நல்லது.

இதெல்லாம் ஒரு கமரா விசயம்தானே என்று கேட்கலாம். 1987 மே 26ஆம் திகதி வடமராட்சியில் தொடங்கின இராணுவ நடவடிக்கையில் வீட்டை விட்டு ஓடின சனம் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. தொண்ணூறுகளில் பற்றரி இங்கே தடை செய்த சாமான், றேடியோ கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுத்தின காலம். அம்மப்பாவின் முகம் அடையாள அட்டையில் மட்டும் மிஞ்சியிருக்கிற வீடுகள் எங்கள் ஒழுங்கைகளில் எத்தனை என்று கேட்டுப் பாருங்கோ. இப்பதான் படம் எடுக்கத் தடையில்லாமல், ஊரை, சனத்தை, கோயிலை, வயலைத் தாங்களாகவே எடுக்கிற ஒரு தலைமுறை வந்திருக்கு. அதில் ஒருத்தன் பழுதான கமராவுக்கு ரண்டு லட்சம் குடுத்து, ஆறு மாதத்தில் அது நின்று, கடன் மட்டும் மிஞ்சினால், அவன் திரும்பக் கமராவைத் தொடமாட்டான். அப்படி விட்டுவிட்டுப் போனவை எனக்குத் தெரிய மூன்று பேர்.

கரவெட்டியில் சனசமூக நிலையங்களுக்குக் குறைவில்லை. விளையாட்டுக் கழகங்களுக்கும் குறைவில்லை. வாசல் வளைவுக்கும் மண்டபத்துக்குப் பெயின்ற் அடிக்கவும் வெளிநாட்டுக் காசு வருகிறது. ஒரு ஈரம் புகாத அலுமாரியும், ஒரு மடிக்கணினியும், கனனுக்கும் நிக்கோனுக்கும் ஒவ்வொரு வயரும் வாங்க அந்த வளைவின் ஒரு தூணுக்குப் போகிற காசே மிச்சம். மாரி காலத்தில் ஊர்ப் பெடியளின் லென்ஸ்களை அதில் வைக்கலாம். கமரா வாங்கப் போகிறவன் தனியப் போகாமல் அங்கே சொல்லி, தெரிந்த ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போகலாம். நிர்வாகசபைக் கூட்டத்தில் இதை ஒருத்தர் எழும்பிச் சொல்லவேண்டும். நாங்கள் சொல்லப் போறம்.

அதுவரை ஒரு கொப்பி ஒற்றை போதும். கமராவின் தொடர் இலக்கம், லென்ஸின் தொடர் இலக்கம், திகதி, விலை, விக்கிறவரின் பேரும் அடையாள அட்டை இலக்கமும், ரண்டு பேரின் கையெழுத்தும். பெட்டியில் இருக்கிற இலக்கமும் கமராவின் அடியில் இருக்கிற இலக்கமும் ஒன்றா என்று பாருங்கோ. களவெடுத்த சாமானைத் தெரிந்துகொண்டு வைத்திருப்பதும் குற்றம். எழுத மாட்டேன் என்று சொன்னால் காசைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டு, தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டு எழும்புங்கோ.